வெனிஸில் இரண்டு இரவுகள்

வெனிஸ் நகருக்குச் செல்ல வேண்டும் என்று நாங்கள் திட்டமிட்டிருக்கவில்லை. என் கணவரின் பணி காரணமாக அப்போது ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாழ்ந்துவந்தோம். சனவரி மாதம், பல நாள்களாகச் சூரியன் கண்ணில் படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திங்களன்று விடுப்புக் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வீட்டினுள் நுழைந்தவர், “நாளைக் காலையில் தொடர்வண்டி ஏறினால் மாலைக்குள் வெனிஸ். புறப்படுவோமா?” என்றார். குளிர்காலத்தில் அங்கே அறை வாடகை குறைவு என்பதை நானும் அறிவேன். ஒரே பையில் இருவருக்கும் வேண்டியவற்றை எடுத்து வைத்தேன், புளிச்சோறும் கட்டிக்கொண்டேன்.

பிரென்னர் கணவாய் வழியாக ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, வெரோனாவில் வண்டி மாறினோம். பயணத்தின் கடைசிப் பகுதியில் நிலம் முடிந்து இருபுறமும் காயல் விரிந்தது. ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில் 1846ஆம் ஆண்டு முதல் தொடர்வண்டிகள் ஓடுகின்றன. பாம்பன் பாலத்தைக் கடந்தவர்களுக்கு அந்த உணர்வை விளக்க வேண்டியதில்லை.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரில் சாலை இல்லை, பெருங்கால்வாய்தான் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளையும், அவற்றை இணைக்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களையும் கொண்டது இந்நகரம். இங்கே பேருந்தும் படகுதான். நோயாளிகளை ஏற்றிச் செல்வதும் குப்பையை அள்ளிச் செல்வதும் படகுகளே. மாளிகைகளைத் தாங்கி நிற்பவை சேற்றில் நெருக்கமாக அடித்து இறக்கப்பட்ட மரக்கம்பங்கள். காற்றுப் படாத சேற்றில் மரம் எளிதில் மட்குவதில்லை.

எனக்கு மாளிகைகளைவிடக் கிணறுகளே வியப்பளித்தன. சிறு சதுக்கங்களின் நடுவே செதுக்கிய கல்வாயுடன் அவை மூடிக் கிடக்கின்றன. சுற்றிலும் நீர் இருந்தாலும் அது உப்பு நீர். ஆகவே சதுக்கத்தின் அடியில் பள்ளம் தோண்டி, உப்பு நீர் புகாதபடி களிமண் பூசி, உள்ளே மணலை நிரப்பினார்கள். தளத்தில் விழும் மழைநீர் மணலில் வடிகட்டப்பட்டுக் கிணற்றில் சேரும். 1884ஆம் ஆண்டில் நிலப்பகுதியிலிருந்து குழாய்நீர் வரும்வரை நகரம் பெரிதும் இந்த நீரைத்தான் நம்பி வாழ்ந்தது. “நம் ஊருணி போலத்தான், இங்கே மேலே கல் பாவியிருக்கிறார்கள்” என்றார் என் கணவர்.

ஞாயிறு காலை புனித மாற்கு சதுக்கத்தின் தாழ்வான பகுதியில் கணுக்கால் அளவு நீர் நின்றது. கடல் கரையைத் தாண்டி வந்திருக்கும் என்று எண்ணினேன். இல்லை, தரையிலுள்ள வடிகால் துளைகளின் வழியே அது மேலெழுந்து வந்தது. 1966 நவம்பர் 4 அன்று நீர்மட்டம் 194 சென்டிமீட்டர் உயர்ந்ததாம். 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர். இதைத் தடுக்கக் காயலின் மூன்று வாயில்களிலும் 78 மதகுகளை அமைத்திருக்கிறார்கள். மற்ற நாள்களில் அவை நீர் நிரம்பிக் கடலடியில் படுத்திருக்கும். பேரலை ஏற்றம் வரும்போது உள்ளே காற்றைச் செலுத்தினால் நீர் வெளியேறி அவை எழுந்து நிற்கும். 2020 அக்டோபரில் முதன்முதலாகக் கடலைத் தடுத்து நிறுத்தின. அன்று நாங்கள் கண்டது சிறிய ஏற்றம். உயரமான பலகைகளின் மேல் வரிசையாக நடந்து சதுக்கத்தைக் கடந்தோம். நண்பகலுக்குள் நீர் வடிந்துவிட்டது.

மாலையில் ரியால்டோ பாலத்தின் அருகே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒளிரும் எண் ஒன்றைக் கண்டோம். விலையாக இருக்குமோ என்று பார்த்தால், அது நகரில் வாழ்வோரின் எண்ணிக்கை! 1951இல் இத்தீவுகளில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். நாங்கள் பார்த்த எண் ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் விடுதியாக இருந்ததே ஒரு குடும்பம் வாழ்ந்த பழைய வீடுதான். அன்றிரவு அதன் வாயிலுக்கு அருகிலிருந்த பாலத்தில் ஒரு மூதாட்டி, காய்கறி நிறைந்த சக்கரப் பையைப் படிப்படியாக இழுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் அதை வாங்கிச் சுமந்தார். அவர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் வசித்தார். அவருக்குச் சிறிது ஆங்கிலம் தெரிந்திருந்தது.

“மாடியில் என் தங்கை குடும்பம் இருந்தது. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்” என்றார். குரலில் கோபம் இல்லை. மகன் நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் வாழ்கிறானாம். “ஞாயிறுதோறும் வருகிறான், விருந்தாளியைப் போல.”

பிறகு எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டார். காரைக்குடிக்கு அருகிலுள்ள தம் பாட்டனாரின் வீட்டைப் பற்றி என் கணவர் சொன்னார். பர்மாத் தேக்குத் தூண்கள், இரண்டு கட்டு, தெருவிலிருந்து மறுதெரு வரை நீளும் வீடு. திருமணம் என்றால் மட்டும் திறக்கப்படும். மற்ற நாள்களில் காவற்காரர் மாலையில் விளக்கேற்றிவிட்டுப் பூட்டிச் செல்வார்.

“அங்கே வெள்ளம் வருமா?” என்று கேட்டார் மூதாட்டி.

“இல்லை அம்மா, எங்கள் ஊர் வறண்ட பூமி.”

“பிறகு ஏன் எல்லாரும் போய்விட்டார்கள்?”

என் கணவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். “வேலைக்காக” என்றார். மூதாட்டி தலையசைத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

திங்கள் காலை நிலையத்துக்குச் செல்லும் படகுக்காகத் துறையில் காத்திருந்தோம். எதிர்க்கரை தெரியாத அளவுக்கு மூடுபனி. முதுகில் பைகளுடன் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஓடிவந்து, எங்களுக்கு முன்பே வந்த வேறொரு படகில் ஏறினார்கள். என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன். ஒன்பது பேர். கடைசியாக ஏறிய சிறுமியின் தாய், படகு பனிக்குள் மறையும்வரை துறையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.