அப்பாவின் கார்க் கதவு

என் அப்பாவின் காருக்கு இப்போது 23 வயது. 2002ஆம் ஆண்டு மொடல், இரண்டாம் கையாக வாங்கியது. ஸ்காபரோவின் உப்புப் போட்ட வீதிகளில் இத்தனை பனிக்காலம் ஓடியும் அடித்தகடு இன்னும் உக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்கமுன் துருத் தடுப்பு எண்ணெய் அடிப்பித்துவிடுவார். ஆனால் சாரதிப் பக்கக் கதவின் உள் பனல் மட்டும் கீழ்ப்பக்கம் வளைந்து வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கதவைச் சாத்தும்போதெல்லாம் சீற்றில் உரசும். அப்பா அதற்கு ஒட்டுநாடா ஒட்டி வைத்திருந்தார்.

"இதை வித்துப்போட்டு வேற கார் எடுப்பம் அப்பா" என்று போன வருடம் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அதனால் இந்த ஜூனில் ஒரு சனிக்கிழமை, நானே திருத்தித் தருகிறேன் என்று போய் நின்றேன். படித்தது எஞ்சினியரிங் மாஸ்டர்ஸ். ஆனால் வேலை முழுக்கக் கணினியோடுதான். ஸ்குறூ ட்ரைவர் பிடித்து எத்தனையோ வருடம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கார் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். கைபிடிக்குள்ளும் கதவு திறக்கும் பிடிக்குப் பின்னாலும் சின்ன மூடிகளுக்குள் ஸ்குறூக்கள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, பிளாஸ்ரிக் நெம்பியால் ஓரத்தை மெதுவாக நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். வெயில் நாளில் செய்யுங்கள். குளிரில் பழைய கிளிப்புகள் உடைந்துவிடும். பிறகு பனலை மேலே தூக்கி, யன்னல் சுவிட்ச் வயரையும் பிடியின் கேபிளையும் கழற்ற வேண்டும்.

வினைலுக்குப் பின்னால் இருந்தது மரநாரை அழுத்திச் செய்த பலகை. தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற் போல அதன் கீழ்ப்பகுதி உப்பியிருந்தது.

கார்க் கதவுக்குள் தண்ணீர் போவது வழமைதான். யன்னல் கண்ணாடியோடு இறங்கும் மழை, கதவின் அடியிலுள்ள துளைகளால் வெளியேறிவிடும். பலகை நனையாமல் இருக்க, நடுவே ஒரு பிளாஸ்ரிக் தாளைக் கறுத்தப் பசையால் சுற்றிவர ஒட்டியிருப்பார்கள். இந்தக் கதவில் தாளின் மேற்பாதிதான் ஒட்டியிருந்தது. கீழ்ப்பாதி மடிந்து தொங்கியது.

பார்த்தவுடனே நினைவு வந்துவிட்டது.

2007 பெப்ரவரி. எனக்கு 17 வயது. யன்னல் மோட்டார் பழுதாகி, கண்ணாடி இறங்கினபடி நின்றுவிட்டது. இரவு வேலைக்குப் போகவேண்டிய அப்பா, எங்கள் அடுக்குமாடியின் கார்த் தரிப்பிடத்தில் நின்று மோட்டாரை மாற்றினார். நான் லைற் பிடித்தேன். முடிந்ததும், "நான் சாமானுகளை எடுத்து வைக்கிறன், நீ அந்தத் தாளை வடிவா ஒட்டிவிடு தம்பி" என்றார். குளிரில் பசை பிடிக்கவில்லை. விரல்கள் விறைத்துப்போயின. மேல்பக்கத்தை மட்டும் அழுத்திவிட்டு, "ஒட்டியாச்சு அப்பா" என்றேன். அவர் நம்பினார். திரும்பிப் பார்க்காமலே பனலை வைத்துப் பூட்டினார்.

அதை மறைத்துப் பேசாமல் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். அவருக்குத் தெரியவராது. ஆனால் அந்தக் காரை விற்கச் சொன்னதும் நான்தானே. உள்ளே போய்ச் சொன்னேன். அவர் வெளியே வந்து, குனிந்து தாளைப் பார்த்தார்.

"அந்தக் குளிருக்க உன்னை நிக்க வச்சது நான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "புதுப் பசை வாங்கி வந்தனியோ?" என்று கேட்டார்.

அடியில் சேறு அடைத்திருந்த துளைகளை அவர் கம்பியால் குத்தித் திறந்தார். நான் பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பியூட்டைல் பசைநாடாவால் தாளைச் சுற்றிவர ஒட்டினேன். பலகையின் பின்பக்கத்தை இலேசாக ஈரமாக்கி, கராஜ் நிலத்தில் படுக்கவைத்து, மேலே இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றினோம். ஒரு கிழமைக்குப் பிறகு, பிரிந்திருந்த இடங்களுக்குள் மரப் பசை விட்டு இறுக்கிக் காயவைத்தோம். கிளிப் பிடிக்கும் துளைகள் பிய்ந்த இடத்தில் மெல்லிய பிளைவூட் துண்டுகள்.

முற்றாக நேராகவில்லை. ஒரு மூலை இன்னும் கொஞ்சம் உப்பித்தான் இருக்கிறது. ஆனால் கதவு உரசாமல் சாத்துகிறது.

கடைசியாக நான் யன்னல் கண்ணாடியில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றினேன். அப்பா குந்தியிருந்து கதவின் அடியைப் பார்த்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது.

"மற்றப் பக்கக் கதவையும் ஒருக்காக் கழட்டிப் பாப்பமே?" என்றார்.

வாற சனிக்கிழமை போகிறேன்.