கட்டை சொன்ன உண்மை

பரணில் கிடந்த துப்பாக்கிக் கட்டையைக் காட்டி, "1857 புரட்சியில் பூட்டன் ஏந்தியது" என்பார் பெரியப்பா. ஆயுத பூசையன்று அதற்குப் பொட்டும் பூவும்!

பெருமைதான், உண்மையா? ஆராய்ந்தேன், தோழர்களே! அந்நாளைய என்பீல்டு துப்பாக்கிக்குத் தோளிலிருந்து குழல்முனை அருகுவரை ஒரே மரம். இதுவோ பின்கட்டை மட்டும், உள்ளே திருகாணிக்கான நீளத் துளை, பிடியில் வளைவு. 1895இல் வந்த லீ-என்பீல்டின் இலக்கணமன்றோ இது! அடித்தகட்டைப் பொருத்திய தடமே இல்லை. போர்முனை காணாது, பட்டறையிலேயே நின்றுபோன பணி.

மெருகிடச் சொன்னார். வார்னிஷ் மறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசிப் பூசிக் காயவிட்டேன். மரத்தின் ரேகை ஒளிர்ந்தது.

பூட்டன் வீரன் அல்லன் என்று நான் கூறவில்லை. அதற்குச் சான்று இதுவன்று என்கிறேன். இல்லாத போரைப் பாடும் நாம், இதைச் செதுக்கிய தச்சனின் உழைப்பை என்று போற்றப்போகிறோம்?