பாசி பறித்த கை

ஹாலிபாக்ஸ், கனடா



போன ஞாயிற்றுக்கிழமை பாம்பனில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். ஊறுகாய் பாட்டிலின் மூடியை அம்மா திருகிப் பார்த்தார், அசையவில்லை. ஒன்றும் சொல்லாமல் பேத்தியிடம் நீட்டிவிட்டார். கையைத் தூக்கியபோது வளையல் முழங்கை வரை இறங்கியது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மன்னார் வளைகுடாத் தீவோரப் பாறைகளில் மூழ்கிப் பாசி பறித்த கை அது.

தம்பியிடம் கேட்டேன். "எழுபத்தாறு வயசாச்சுல்லக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றான். தங்கச்சிமடத்துப் பெரியம்மா அம்மாவுக்கு மூன்று வயது மூத்தவர். இன்றும் மீன் வாங்கித் தானே சுமந்து வருகிறார். வயதுதான் காரணமென்றால் அவரல்லவா முதலில் தளர்ந்திருக்க வேண்டும்?

இப்படி உடம்பு வலுவிழப்பதை மருத்துவத்தில் முதுமைத் தளர்ச்சி என்கிறார்கள். உடம்பின் கையிருப்பு கரைந்துபோன நிலை. இளையவர் இரண்டு நாளில் எழுந்துவிடும் காய்ச்சல், தளர்ந்தவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும். 2001இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா பிரைடு குழுவினர் 5 அடையாளங்கள் சொன்னார்கள்: காரணமில்லாத எடைக் குறைவு, ஓயாத அசதி, பிடிவலு குறைதல், நடை தளர்தல், நடமாட்டம் சுருங்குதல். மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருந்தால் அதன் வாசற்படி.

நான் வாழும் இந்த ஹாலிபாக்ஸில்தான், டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் மருத்துவர் கென்னத் ராக்வுட் குழுவினர் 2005இல் தளர்ச்சியை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். இன்று அதில் 9 படிகள். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சமையல், கடைகண்ணி, குளியல் இவற்றில் முதியவர் எதைத் தானே செய்கிறார், எதற்கு ஆள் தேடுகிறார் என்று கேட்டே படியைக் கணிக்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் நாளை வைத்து அல்ல, அதற்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்பதை வைத்து.

தம்பியைத் திண்ணையில் 4 மீட்டர் அளந்து கோடு போடச் சொன்னேன். வழக்கமான நடையில் 5 விநாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு 7 ஆனது. பிறகுதான் தெரிந்தது, பல் வலியால் மூன்று மாதமாக மீனைத் தொடாமல் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். வலியை யாரிடமும் சொல்லவில்லை.

தளர்ச்சியை வேளையோடு கண்டுகொண்டால் சிலரை மீட்கலாம், இல்லையேல் தள்ளிப்போடலாம். மீன், முட்டை, பருப்பு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி. தேவையற்ற மாத்திரைகளை மருத்துவர் குறைப்பது. எடை குறைந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்ப்பது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் சகோதரியிடம் இந்த மாற்றங்களையும் சொல்லுங்கள்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் இராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் போனில் "சாப்பிட்டீங்களாம்மா?" என்பதோடு வைத்துவிடாதீர்கள். "போன பொங்கலுக்குச் செஞ்சதுல இப்ப எதையெல்லாம் விட்டுட்டீங்க?" என்றும் கேளுங்கள்.