ஜெட்டை ஊதுற வாய்

எங்கப்பா சால் தைத்தவர். மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் ஓமலூர் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தோல் சால் தைத்துக் கொடுத்தது எங்க சனந்தான். கரண்டு மோட்டார் வந்ததும் சால் போச்சு. தோல் தைத்தவர் மகன் நான் ஸ்பேனர் பிடித்தேன்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 50 சிசி, டூ ஸ்ட்ரோக். பால் கேனும் புல்லுக்கட்டும் அதில்தான் போயின. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊத்தணும். அந்த ஆயிலே கரியாகி சைலன்சரை அடைக்கும். வண்டி மேடு ஏறலைன்னா சைலன்சரைக் கழட்டி நெருப்பில் போட்டுக் கரியைத் தட்டுவோம். பிறகு பிளக்கைப் பார்ப்போம். கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறம்னா சரி. அதற்கேற்ப கார்பரேட்டர் ஊசியில் கிளிப்பை ஒரு வெட்டு மாத்துவோம்.

ஜெட்டு அடைத்தால் கம்பி விட்டுக் குத்தக்கூடாது. ஓட்டை பெருத்துடும், வண்டி பெட்ரோலைக் குடிக்கும். கம்ப்ரஸர் இல்லாத பட்டறையில் வாயில் வைத்துத்தான் ஊதணும்.

எங்க ஊர் டீக்கடையில் எனக்குத் தனி கிளாசு. குடித்து நானே கழுவிக் கவுக்கணும். என் எச்சில் பட்ட கிளாசைத் தொடாத சாதி இந்து, என் எச்சில் பட்ட ஜெட்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். தீட்டு கண்ணாடியில் ஒட்டும், பித்தளையில் ஒட்டாது போல.

எங்க பசங்க பழைய வண்டி வாங்கினார்கள். ஊர்த்தெரு முனையில் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும்னு உத்தரவு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் புத்தகத்தில் இருந்தது, தெருவில் இல்லை.

“அண்ணா, சைலன்சர் உள்குழாயை உருவிடுங்க. ஊரே அதிரணும்” என்றார்கள்.

“வேணாம்ப்பா. புதுப் பெட்ரோல் காத்து உள்ள வர்றப்ப புகை போற வாசலும் திறந்துதான் கிடக்குது. சைலன்சர்ல மோதித் திரும்புற அழுத்தந்தான் வெளிய ஓடுறதை உள்ள தள்ளுது. உருவுனா சத்தம் கூடும், இழுவை போயிடும். ரெண்டு பேரா நிக்காம போகணும்னா இழுவைதான் வேணும்.”

டியூன் பண்ணிக் கொடுத்தேன். ரெண்டு ரெண்டு பேராகப் போனார்கள். யாரும் இறங்கவில்லை.

நாலு நாள் ஊர்க்காரர் வண்டி ஒண்ணும் பட்டறைக்கு வரலை. அஞ்சாம் நாள் ஒருத்தர் வந்தார். ஜெட்டு அடைப்பு. தள்ளிக்கிட்டுத்தான் வந்தார்.