விலை கேட்பது குற்றமா?

“எனக்கு ஐந்து பிள்ளைகள்” என்று உம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்கள் நால்வர்தான். ஐந்தாவது, எங்கள் வாசலில் நிற்கும் வெள்ளை நிற டொல்பின் வேன். வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்ததும் அதுதான். காலையில் பதின்மூன்று மாணவிகளை ஏற்றிக்கொண்டு அது கல்லூரிக்குப் போகும். பிறகு மன்னார் வைத்தியசாலைக்கு நோயாளிகளையும், புத்தளத்துக்குக் கல்யாண வீட்டுக்காரரையும் ஏற்றும். அது ஓடினால்தான் நானாட்டானில் உள்ள எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

2025 பெப்ரவரி மாதம். நோன்புக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல் வீதியின் இருபுறமும் பழுத்துத் தலைசாய்ந்து நின்றது. கல்லூரி விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். திடீரென்று எஞ்சின் உறுமியது. ஆனால் வேன் இழுக்கவில்லை. கருகல் வாசம் வந்தது. வாப்பா கியரை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“கிளச் வழுக்குது” என்றார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ஒரு கராஜுக்கு வேனை மெதுவாக ஓட்டிப் போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்தவர் வேனை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “கிளச் செட் முழுக்க மாத்தணும். பிளைவீலும் போயிருக்கும். எல்லாமாக 145,000 வரும்” என்றார். எதற்கு எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, வாப்பாவும் கேட்கவில்லை. “சரி தம்பி, காசைப் பார்த்துக்கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்றிரவு உம்மாவும் வாப்பாவும் மெதுவாகப் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. ராத்தாவின் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த காப்புகளில் ஒன்றை விற்பது என்று முடிவானது. ராத்தாவும் விழித்துத்தான் இருந்தா. ஆனால் அவ ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

விடிந்ததும் வாப்பாவிடம் போய், “எதுக்கு எவ்வளவு என்று ஏன் வாப்பா கேக்கல்ல?” என்றேன்.

“கேட்டா, இவனுக்கிட்ட காசில்ல என்று நினைப்பாங்க மகள்.”

சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு அவரே தொடர்ந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஏழு வயது. புத்தளத்தில் அகதி முகாமில் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்றது, ‘எங்களுக்கும் தாங்க’ என்று வாப்பும்மா கேட்டது, சில நேரம் இல்லையென்று திருப்பி அனுப்பியது எல்லாவற்றையும் சொன்னார். “கேட்டுக் கேட்டே வளர்ந்த ஆள் நான். யுத்தம் முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்து, இந்த வேனை வாங்கின அன்று, இனி யாருக்கிட்டயும் எதையும் கேக்கக் கூடாது என்று நினைச்சன்.”

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. வாப்பா ஏன் கடையில் பேரம் பேசுவதில்லை, மீதிச் சில்லறையை ஏன் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் நிவாரணம் கேட்பதும் விலை கேட்பதும் ஒன்றல்ல என்று என் மனம் சொன்னது. நிவாரணம் கேட்கும்போது கை வெறுமையாக இருக்கும். விலை கேட்கும்போது கையில் நமது உழைப்பு இருக்கிறது.

“எனக்கு ஒரு நாள் தாங்க வாப்பா. நான் கேட்டுப் பாக்கிறன்” என்றேன். அவர் சிரித்தார். மறுக்கவில்லை.

நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிக்கிறேன். கல்லூரியில் பொருளியல் ஆசிரியையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஜோர்ஜ் அகெர்லொஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளரைப் பற்றிச் சொன்னார். 1970இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டே பழைய கார்ச் சந்தைதானாம். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லோரையும் சந்தேகிப்பார். அதனால் நல்ல காரை வைத்திருப்பவருக்கும் நல்ல விலை கிடைக்காது. அவர் சந்தையை விட்டே விலகிப்போவார். இந்தச் சிந்தனைக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசும் பகிர்ந்து கிடைத்திருக்கிறது. “ஒரு பக்கத்துக்கு மட்டும் தகவல் தெரிந்தால் சந்தை கெடும். நீ செய்ய வேண்டியது சண்டை பிடிப்பதல்ல, தகவல் சேர்ப்பது” என்றார் ஆசிரியை.

பின்னேரம் வாப்பாவுடன் அதே கராஜுக்குப் போனேன். கையில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தன. “அங்கிள், சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரிச்சு எழுதித் தருவீங்களா?” என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது. அவர் என்னைப் பார்க்காமல் வாப்பாவைப் பார்த்துச் சொன்னார்: “இது பொம்பளப் பிள்ளைகள் பாக்கிற கணக்கில்ல நானா.”

வாப்பா என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் மெதுவாக, “அவ கணக்கீடுதான் படிக்கிறா. எழுதிக் குடுங்க” என்றார்.

அவர் எழுதித் தந்தார். கிளச் பிளேட் 28,000, பிரஷர் பிளேட் 36,000, ரிலீஸ் பெயாரிங் 9,000, பிளைவீல் 48,000, கூலி 24,000. கூட்டினால் 145,000 சரியாக வந்தது. முதல்நாள் ஒரே மலையாக நின்ற தொகை, ஐந்து வரிகளாகப் பிரிந்ததும் ஏறிப் பார்க்கக்கூடியதாகத் தெரிந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவான தொகை பிளைவீலுக்கும் கூலிக்குமே போகிறது. கியர் பொக்ஸைக் கழற்றாமல், பிளைவீல் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

நானாட்டானிலேயே வேப்பமரத்தடியில் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். ட்ரக்டர்தான் கூடுதலாகத் திருத்துவார். அவரிடம் போனோம். அவர் எங்கள் எஸ்டிமேட்டைப் பார்த்துவிட்டு யாரையும் குறை சொல்லவில்லை. “முதல்ல கழட்டிப் பாப்பம் நானா. பாக்காம எதையும் சொல்லக் கூடாது” என்றார்.

மறுநாள் கியர் பொக்ஸ் இறங்கியது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளச் பிளேட்டின் இரு பக்கமும் தேய்ந்து ஆணிகள் வெளியே தெரிந்தன. ஆகவே முதல் கராஜ்காரர் சொன்ன நோய் உண்மைதான். ஆனால் பிளைவீலில் வெடிப்பு இல்லை. சூட்டில் நீலம் பாய்ந்து, மேலே சில கீறல்கள் இருந்தன, அவ்வளவுதான். “இதை லேத்தில் குடுத்து முகம் எடுத்தாப் போதும் தங்கச்சி. புதுசு தேவையில்ல” என்றார். அவர் கேட்ட கூலி 15,000.

இனிச் சாமான். கொழும்பில் வேலை செய்யும் சின்ன மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அழைத்தேன். மருதானைக்குப் பக்கத்திலுள்ள பஞ்சிகாவத்தை, வாகன உதிரிப்பாகங்களுக்கு நாடறிந்த இடம். ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமானும் புதுச் சாமானும் அங்கே கடை கடையாகக் கிடைக்கும். ஆனால் ‘டொல்பினுக்குக் கிளச் பிளேட்’ என்று மட்டும் கேட்டால் போதாது என்று அண்ணன் சொல்லித் தந்தார். சி.ஆர். புத்தகத்தில் உள்ள சேசி நம்பர், எஞ்சின் மாதிரி, பழைய பிளேட்டின் விட்டம், நடுத்துளையிலுள்ள பற்களின் எண்ணிக்கை எல்லாம் பொருந்த வேண்டும். நான் அடிமட்டத்தை வைத்து அளந்து, பற்களை எண்ணி, நாலு படம் எடுத்து அனுப்பினேன். மாமா மூன்று கடைகளில் விசாரித்தார்.

ஜப்பான் தயாரிப்பாக, பிளேட் 19,500, பிரஷர் பிளேட் 26,000, பெயாரிங் 5,500. மொத்தம் 51,000. இன்னொரு கடையில் பெயர் தெரியாத ஒரு செட் முழுவதுமே 27,000தான். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. “அதையே எடுப்பம் வாப்பா, இன்னும் 24,000 மிச்சம்” என்றேன்.

அண்ணன் ஸ்பானரைத் துடைத்தபடி கேட்டார்: “அது ஆறு மாசத்துல போனா, கியர் பொக்ஸைத் திரும்ப இறக்கக் கூலி யார் தருவார் தங்கச்சி? வேன் நிக்கிற நாளுக்கு ஹயர் யார் தருவார்?” பிறகு அவரே தெளிவாகச் சொன்னார். கதவுப் பூட்டு, கண்ணாடி, சைட் மிரர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். அடிக்கடி கழற்றிப் பூட்ட முடியாத சாமானில் காசைப் பிடிக்கக் கூடாது. பிரேக் சாமானில் ஒருபோதும் பிடிக்கக் கூடாது.

வாப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: “நல்லதையே எடுங்க. பிள்ளைகள் ஏறுற வண்டி.”

மாமா பில்லோடு வாங்கிக் கட்டி, மன்னார் வரும் இரவு பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார். நானாட்டானுக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். சுபஹு தொழுதுவிட்டு வாப்பாவும் நானும் முருங்கனுக்குப் போய் வீதியோரத்தில் காத்திருந்தோம். பஸ் நின்றது. கொண்டக்டர் நீட்டிய பெட்டியை வாப்பா குழந்தையை வாங்குவதுபோல இரு கையாலும் வாங்கினார்.

மாலையில் வேன் ஓடியது. கொப்பியில் கணக்கை எழுதினேன். சாமான் 51,000, லேத் 4,000, கியர் ஒயிலும் சில்லறைச் சாமானும் 4,500, பஸ் பார்சல் 1,000, கூலி 15,000. மொத்தம் 75,500. ஆனால் வாப்பா அண்ணனிடம் 18,000 ரூபாவைக் கொடுத்தார். “கூடிப்போச்சு நானா” என்று அவர் மறுத்தும் வாப்பா திருப்பி வாங்கவில்லை. ஆகவே கடைசி வரியைத் திருத்தி 78,500 என்று எழுதினேன். மிச்சம் 66,500 ரூபா. காப்பு ராத்தாவின் பெட்டியிலேயே இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் மூவாயிரம் கூடக் கொடுத்தார் என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “தேவையில்லாத பிளைவீலை எனக்கு விற்க அவனுக்கும் ஏலும். விற்கல்ல. அந்த நேர்மைக்கும் ஒரு விலை இருக்கு மகள்” என்றார். விலை கேட்கப் பழகியது நான். விலை கொடுக்கத் தெரிந்தவர் வாப்பா.

முதல் கராஜ்காரரைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். அவர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஜப்பானிலிருந்து வரும் ஒரு சின்னப் பெயாரிங்கூட அந்த டொலரில்தான் வருகிறது. நாடே பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தி ஓட்டியது. 2025 பெப்ரவரியில் தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கும் தடை தளர்ந்தாலும், புது வேன் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் எட்டாத தூரம்தான். சாமான் விலை நிலையில்லாத காலத்தில் கடைக்காரரும் பயத்தில் கொஞ்சம் கூட்டியே சொல்லலாம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் பிரித்துச் சொல்லாமல் மொத்தமாகச் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை.

ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். நெல் விளையும் ஊர்க்காரியான எனக்கு அந்தக் குவியல் கண்ணுக்குள் தெரியும். இப்போது அதில் இன்னொன்றும் தெரிகிறது. நபியவர்கள் மேலே பார்த்துவிட்டுப் போய்விடவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள், பார்த்ததைக் கேட்டார்கள். அப்படியானால் விலை கேட்பது எப்படிக் குற்றமாகும்?

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ நிற்கும். அது பழுதாகும் நாளில் பெற்றோருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோடு நில்லுங்கள். சாமானையும் கூலியையும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டாவது ஒருவரிடமும் காட்டுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில் கேட்பது நமது உரிமை. அநீதி நடந்தால் முறையிட நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1977. இத்தனையையும் மரியாதையோடு கேளுங்கள். நேர்மையானவரைக் கண்டால் அவருக்குரியதைக் குறைக்காமல் கொடுங்கள்.

தேய்ந்துபோன அந்தப் பழைய கிளச் பிளேட் இப்போது என் படிப்பு மேசையில், காற்றில் தாள் பறக்காமலிருக்கப் பாரமாகக் கிடக்கிறது. சென்ற கிழமை வாப்பா டயர் கடைக்குப் போனார். நான் வேனுக்குள் இருந்தேன். கடைக்காரர் ஒரு தொகையைச் சொன்னார். வாப்பா கொஞ்சம் தயங்கினார். என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் சொன்னார்:

“தம்பி, எதுக்கு எவ்வளவு என்று கொஞ்சம் பிரிச்சுச் சொல்லுங்க.”