குதிரை போன பிறகுதான் கார்!

காலை 6 மணி. நியூமார்க்கெட் ஊரின் சாலையில் சிவப்பு விளக்கு எரிகிறது. கார்களும் லாரிகளும் நிற்கின்றன. குறுக்கே ஒன்றன் பின் ஒன்றாக இருபது குதிரைகள் நிதானமாக நடந்து போகின்றன. யாரும் ஹாரன் அடிப்பதில்லை. கடைசிக் குதிரை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கார்கள் நகர்கின்றன.

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். லண்டனில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர். கேம்பிரிட்ஜ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஊரில் சுமார் 20,000 பேர் இருக்கிறார்கள். பந்தயக் குதிரைகள் சுமார் 3,000. மனிதர்களுக்கு நடைபாதை இருப்பதுபோல குதிரைகளுக்கென்றே ஊருக்குள் தனிப் பாதைகள் உண்டு. சாலையைக் கடக்கும் சில இடங்களில், குதிரை மேல் இருப்பவர் இறங்காமலேயே கை நீட்டி அழுத்துவதற்காக உயரத்தில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்.

ராஜா ஜெயித்த பந்தயம்

இந்த ஊருக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்து 400 வருடங்கள் ஆகின்றன. 1605-ல் வேட்டைக்காக இந்தப் பக்கம் வந்த மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு, பரந்து கிடந்த புல்வெளி பிடித்துப்போனது. அவருடைய பேரன் இரண்டாம் சார்லஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பந்தயத்தை வேடிக்கை பார்த்ததோடு நிற்காமல், 1671-ல் தானே குதிரையேறிப் பந்தயத்தில் ஜெயித்தார். ‘ரவுலி’ என்பது அவருடைய குதிரையின் பெயர். இங்குள்ள புகழ்பெற்ற ‘ரவுலி மைல்’ பந்தயப் பாதை அந்தப் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது.

பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் ‘தரோபிரெட்’ இனக் குதிரைகளின் ஆண்வழி வம்சம், கிழக்கு நாடுகளில் இருந்து இங்கிலாந்துக்கு வந்த மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் முடிகிறது. அவற்றில் ஒன்றான ‘கடால்ஃபின் அரேபியன்’ 1753-ல் இறந்தது. அதன் கல்லறை, கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வாண்டில்பரி என்ற இடத்தில் இருக்கிறது. சென்னை கிண்டியில் ஓடிய பந்தயக் குதிரைகளுக்கும் இந்த மூன்றுதான் முப்பாட்டன்கள்!

கை சொல்லும் சேதி

சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது, வாரன் ஹில் சரிவில் பனிமூட்டத்துக்கு நடுவே குதிரைகள் சீறிக்கொண்டு ஏறும் காட்சியை. அதற்கு முன்பே லாயங்களில் வேலை தொடங்கிவிடுகிறது.

ஒரு பராமரிப்பாளரிடம் மூன்று, நான்கு குதிரைகள் இருக்கும். இருட்டோடு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது தீவனத் தொட்டியை. ராத்திரி வைத்தது மிச்சம் இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் மனிதர்களுக்குச் சாதாரணமான வயிற்றுவலி, குதிரைக்கு உயிருக்கே உலைவைத்துவிடலாம். அடுத்து, குனிந்து நான்கு கால்களையும் முழங்காலில் இருந்து குளம்பு வரை கையால் தடவிப் பார்ப்பார். ஒரு காலில் மட்டும் லேசாகச் சூடு தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. எந்த இயந்திரமும் சொல்வதற்கு முன்பு அந்தக் கை சொல்லிவிடும்.

அதன் பிறகு லத்தி அள்ளி, படுக்கையை மாற்றி, உடம்பைத் தேய்த்து, சேணம் பூட்ட வேண்டும். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் விடுமுறை கிடையாது. உதையும் கடியும் விழுந்து எலும்பு முறிவதும் இந்தத் தொழிலில் சகஜம். உழைப்போடு ஒப்பிட்டால் சம்பளம் பெரிதில்லை. ஆள் பற்றாக்குறையும் உண்டு. இந்தியா உட்பட வெளிநாடுகளில் இருந்து வந்து இங்கே குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பந்தய நாளில் குதிரையை மிக அழகாகத் தயார் செய்து கூட்டிவரும் பராமரிப்பாளருக்குத் தனிப் பரிசு கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. கூட்டம் ஜாக்கியைப் பார்த்துக் கை தட்டினாலும், அந்தக் குதிரையை அறிந்தவர் யார் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பராமரிக்கும் கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக இறக்குமதியான குதிரைகளில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போனதை எழுதிவைத்திருக்கிறார். அவற்றை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இங்கு தெரியவில்லை, தெரிந்தவர்களை அனுப்ப வணிகர்களுக்கும் மனமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும் என்பது அவர் சொல்லும் காரணம்.

பிரிவும் அடுத்த வாழ்க்கையும்

இந்தத் தொழிலின் பெரிய வலி உதையோ கடியோ இல்லை. பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. பல குதிரைகள் ஐந்தாறு வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுகின்றன. ஆனால், குதிரையின் ஆயுள் 25 வருடங்களைத் தாண்டலாம். மிச்சமுள்ள வருடங்களுக்கு என்ன வழி?

இலையுதிர் காலத்தில் ஊரிலுள்ள டாட்டர்சால்ஸ் ஏலக் கூடத்தில் நூற்றுக்கணக்கான குதிரைகள் கை மாறுகின்றன. நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்தவரே கயிற்றைப் பிடித்து ஏல வளையத்துக்குள் கூட்டிவர வேண்டும். சுத்தியல் விழுந்த பிறகு அந்தக் குதிரை எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகலாம்.

ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளுக்கு வேறு வேலை பழக்குவதற்கென்றே 2000-ல் ஒரு தொண்டு அமைப்பு தொடங்கப்பட்டது. இரண்டாம் சார்லஸின் அரண்மனையில் மிஞ்சியிருக்கும் ‘பேலஸ் ஹவுஸ்’, 2016-ல் தேசியக் குதிரைப் பந்தய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள லாயத்தில் இப்படிப்பட்ட குதிரைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வேகமாக ஓட மட்டுமே தெரிந்த குதிரைக்கு மெதுவாக நடக்கவும், சும்மா நிற்கவும் கற்றுக்கொடுப்பதற்குப் பல மாதங்கள் ஆகும்.

குதிரை நடந்தால் போதும்

குதிரையோடு வேலை என்றாலே பந்தயம்தான் என்று நினைக்க வேண்டாம். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் என்ற பெண், போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரை மேல் ஏற உதவி தேவைப்பட்ட அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அதற்குப் பிறகு பல நாடுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றம் வளர்ந்தது. பிரிட்டனில் 1969-ல் இதற்கென ஒரு சங்கமே உருவானது. இன்று அதன்கீழ் நூற்றுக்கணக்கான குழுக்கள் நாடு முழுக்க இயங்குகின்றன.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைகிறது. உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு, தானே நடப்பதுபோல அசைகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு நிமிர்ந்து உட்காரவும், உடம்பைச் சமநிலையில் வைக்கவும் இந்த அசைவு பயிற்சியாகிறது. நோயைக் குணப்படுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் ஆலோசனையோடு சேர்ந்து செய்வதுதான் முறை.

ஒரு குழந்தை குதிரையில் உட்கார்ந்தால் முன்னால் கயிறு பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் நடக்க இருவர் தேவைப்படலாம். குதிரையும் சாதுவாக இருக்க வேண்டும். குழந்தை திடீரென்று கத்தினாலும், சக்கர நாற்காலி உரசினாலும் மிரளக் கூடாது. அதனால் பந்தயக் குதிரைகளைவிட, கட்டுமஸ்தான, நிதானமான குட்டைக் குதிரைகளே இதற்கு அதிகம் ஒத்துவருகின்றன.

யார் வரலாம்?

நியூமார்க்கெட்டில் உள்ள பிரிட்டிஷ் ரேசிங் ஸ்கூலில் 16 வயதில் இருந்தே தங்கிப் பயிற்சி பெறலாம். லாடம் அடிப்பதற்கு பிரிட்டனில் சட்டமே இருக்கிறது: பல ஆண்டுகள் தொழில் பழகி, பதிவு பெற்றவர் மட்டுமே அடிக்கலாம். கால்நடை மருத்துவ உதவியாளர், பயிற்சியாளர், தெரபி மையப் பராமரிப்பாளர் என்று வழிகள் பல. ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பயிற்சிப் புல்வெளிகளில் மதியம் 1 மணிக்குப் பிறகுதான் பொதுமக்கள் நடக்கலாம். காலை நேரம் குதிரைகளுக்குச் சொந்தம்.

தெரபி மையத்தில் பராமரிப்பாளருக்கு இருக்கும் முக்கியமான பொறுப்பு, வேண்டாம் என்று சொல்வது. காது பின்னால் மடிகிறது, வால் அடித்துக்கொள்கிறது, சேணம் போடும்போது உடம்பு விறைக்கிறது. இதையெல்லாம் தினமும் பார்க்கிறவருக்குத்தான் புரியும். வாரம் முழுக்கக் காத்திருந்த குழந்தை வாசலில் நிற்கும். அம்மா எவ்வளவோ தூரத்தில் இருந்து அழைத்து வந்திருப்பார். அப்போதும், “இன்றைக்கு இவன் வேண்டாம். வாங்க, பிரஷ் எடுத்து இவனுக்குத் தேய்த்துவிடலாம்” என்று அந்தக் குழந்தையின் கையில் பிரஷ்ஷைக் கொடுக்கத் தெரிந்தவரே இந்த வேலைக்கு ஏற்றவர்.