முதல் இரண்டு நாள்

கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் எத்தனையோ வழக்கு நடத்தியிருக்கிறேன். பள்ளிக்கூட லீவு லெட்டரைச் சான்றாவணமாகப் போட்டது ஒன்றில்தான்.

என் கட்சிக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். ஒற்றைத் தலைவலிக்காரர். "வந்துச்சுன்னா டியூப்லைட்ட நிமிந்து பாக்க முடியாதுங் சார். வாந்தியெடுத்து ஓஞ்சாத்தான் கண்ணே தெறக்கும்" என்றார். நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை படுத்தக்கூடிய நோய். அவருக்குப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு நாள். அடுத்த நாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுவார். அதனாலேயே யாரும் நம்பவில்லை. கம்மலை அடகு வைத்து எடுத்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. அடிக்கடி சொல்லாமல் நின்றுவிடுகிறார் என்று, விசாரணைகூட வைக்காமல் கம்பெனி அவரை வேலையை விட்டு நீக்கியது.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது. நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. உதவித்தொகை வாங்கிய பிறகு 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் விலக்கு. இரண்டு நாளில் எழுந்துவிடுகிறவருக்கு அந்த முதல் தொகையே வராதே! தொடர்ந்து படுத்துக் கிடக்கிற காய்ச்சலை மனதில் வைத்து எழுதிய விதி அது. அவர் வீட்டிலோ ஒரு தலைவலிக்கு இரண்டு நாள் கூலி போகும், அட்டெண்டன்ஸ் போனஸ் போகும், சனிக்கிழமை சம்பளம் குறைந்ததும் குழுக் கடன் தவணைக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்க வேண்டும்.

நோய்க்கு என்ன ஆதாரம் என்று ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தபோது, கூட வந்திருந்த மகள் வாய் திறந்தாள். எட்டாம் வகுப்பு. "அம்மாக்குத் தலைவலின்னா நான் ஸ்கூலுக்குப் போமாட்டேன் சார். லெட்டரெல்லாம் மிஸ்கிட்ட இருக்கு."

பதினொரு லெட்டர். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். "என் தாயாருக்குத் தலைவலி. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை." கீழே தேதி. கம்பெனி தாக்கல் செய்த வருகைப் பதிவேட்டை அருகில் வைத்துப் பார்த்தேன். தாய் வராத நாளும் மகள் வராத நாளும் ஒன்றுக்கொன்று பொருந்தின. வழக்கு என்ற பேச்சே இல்லாத காலத்தில் ஒரு குழந்தை எழுதியது. இதைவிட நேர்மையான ஆவணம் என் கைக்கு வந்ததில்லை.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "லீவு போட்ட மறுநாள் கல்யாணத்துக்குப் போனீர்களா?" என்று கேட்டார். "போனேனுங்க" என்றார். மழுப்பவில்லை. மறு விசாரணையில் அந்த வாரத்து லெட்டரைத்தான் எடுத்துக் காட்டினேன்.

வழக்கு ஜெயித்தது வேறொன்றால். நீக்க உத்தரவு வந்த நாளில் அவர் மூன்று நாள் தலைவலியோடு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சிகிச்சையில் இருந்தார். சிகிச்சையில் இருப்பவரை நீக்கக் கூடாது என்பது அப்போது நடப்பில் இருந்த 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆவது பிரிவு. மீண்டும் வேலையும் பாதிப் பின்சம்பளமும் கிடைத்தன. கம்மல் வீட்டுக்கு வந்தது.

அந்தப் பதினொரு லெட்டரில் இருந்த நாள்களின் கூலியை நான் கோரவே இல்லை. எந்தப் பிரிவில் கோருவது என்று தேடினேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலையும் புரட்டினேன். அதில் இந்த நோயின் பெயர் இல்லை.